கேள்வி நேரத்துக்கு முன்னால்

மக்களவை உறுப்பினர் அமைச்சரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை அவையின் நடைமுறை விதிகளில் 41ஆம் விதி வரையறுக்கிறது. கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. அதில் வாதமோ ஏளனமோ பழிச்சொல்லோ இருக்கக் கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே பதில் தரப்பட்ட கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பக் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களிலும் சாதாரணக் குறிப்புதவி நூல்களிலும் இருக்கும் தகவலைக் கேட்கக் கூடாது.

கடைசி இரண்டு நிபந்தனைகளும் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் உறுப்பினரின் தலையில் ஏற்றிவிடுகின்றன. கேட்பதற்கு முன்னால் தேடியிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு இதுவரை யார் என்ன பதில் சொன்னார்கள், எந்த அறிக்கையில் எந்தப் புள்ளிவிவரம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் புதிதாக ஒன்றைக் கேட்க முடியும். தொகுதிக்கும் டெல்லிக்கும் அலைந்துகொண்டிருக்கும் ஒருவர், ஓரிரு உதவியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட முடியாது. அவருக்காகத் தேடுவதற்கு என்றே ஓர் இடம் இருக்கிறது: நாடாளுமன்ற நூலகம்.

இந்த நூலகம் 1921இல், ஈரவை கொண்ட மத்திய சட்டமன்றம் உருவானபோது தொடங்கியது. அப்போது அது உறுப்பினர்கள் வந்து படிக்கும் புத்தக அறை மட்டும்தான். 1950இல் ஆய்வுக்கும் குறிப்புதவிக்கும் தனிப் பிரிவு வந்தது. உறுப்பினர் கேட்பார், ஊழியர்கள் தேடித் தருவார்கள் என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. 1974இல் நூலகம், குறிப்புதவி, ஆய்வு, ஆவணம், தகவல் எல்லாம் ஒரே சேவையாக இணைக்கப்பட்டன. 2002 மே 7 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்த தனிக் கட்டடத்தில் இன்று அது இயங்குகிறது. வடிவமைத்தவர் ராஜ் ரேவால். பக்கத்தில் நிற்கும் பழைய நாடாளுமன்றத்தை மறைத்துவிடாதபடி, தளங்களைத் தரைக்குக் கீழேயும் இறக்கிக் கட்டியிருக்கிறார். அரசியலமைப்பின் மூலப் பிரதிகள் இங்கேதான், ஆக்சிஜன் புகாத கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பார்க்க வருபவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது குறிப்புதவி மேசை. ஒரு தேவை அந்த மேசைக்கு வந்து சேர்வதிலிருந்து அவைக்குள் கேள்வியாக எழுவது வரை என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காவிரி டெல்டாவிலிருந்து முதல்முறையாக வென்று வந்த உறுப்பினர். சம்பா அறுவடை முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன, பயிர்க் காப்பீட்டுப் பணம் வரவில்லை என்று ஊர் ஊராக அவரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். அடங்கல் நகல், சிட்டா நகல், பிரீமியம் கட்டிய ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று இணைப்புகளோடு ஒரு கட்டு. அவருடைய உதவியாளர் நூலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். "சார், பயிர் இன்சூரன்ஸ் பத்தி என்னென்ன இருக்கோ எல்லாம் வேணும். நாளைக்கே குடுத்தா நல்லா இருக்கும்."

இப்படித்தான் பெரும்பாலான தேவைகள் வந்து சேரும். நூலகரின் முதல் வேலை தேடுவதல்ல, கேட்பது. எதற்காக வேண்டும்? எழுத்து மூலம் பதில் பெறும் கேள்விக்கா, அவையில் அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கா, மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசவா, நிலைக்குழுக் கூட்டத்தில் அதிகாரிகளிடம் கேட்கவா, தொகுதியில் மனு கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லவா? ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் தகவல் வேறு. பேச எழுபவருக்கு ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கும் அளவுக்குச் செய்தி வேண்டும். குழுவில் உட்காரப்போகிறவருக்கு முந்தைய அறிக்கைகளின் பரிந்துரைகளும், அவற்றை அரசு ஏற்றதா தள்ளியதா என்பதும் வேண்டும். கேள்வி கொடுப்பவருக்கோ, இதுவரை சொல்லப்படாதது எது என்பதுதான் வேண்டும். அடுத்து, எப்போது வேண்டும்? மக்களவையில் கேள்விக்கான அறிவிப்பை முழுதாக 15 நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அமைச்சகங்களுக்கு வாரத்தின் நாட்கள் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. வேளாண் அமைச்சகத்தின் நாளைத் தவறவிட்டால் இன்னொரு வாரம் போய்விடும்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், குறிப்புதவிப் பணியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: கையெட்டும் நூலைப் புரட்டி உடனே சொல்லிவிடக் கூடியவை, பல மூலங்களை நெடுநேரம் துருவ வேண்டியவை. 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. சட்டமன்ற நூலகம் இந்த இரண்டு கருத்துகளின் மேல்தான் நிற்கிறது. அவை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சீட்டு வரும்: இந்தச் சட்டத்தின் இன்ன பிரிவு எந்த ஆண்டு திருத்தப்பட்டது? பத்து நிமிடத்துக்குள் பதில் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் அது பயனற்றுப் போகும். டெல்டா உறுப்பினரின் தேவை இரண்டாம் வகை. அதற்கு நாட்கள் வேண்டும். வந்த கோரிக்கை எது, எந்த வகை என்று அன்றே பிரித்து உரியவரிடம் ஒப்படைப்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். யார் என்ன கேட்டார் என்பது அந்த மேசையைத் தாண்டக் கூடாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் ஒரே நாளில் ஒரே பொருளைக் கேட்டு வரலாம், ஒருவரின் கோரிக்கை மற்றவருக்குத் தெரியக் கூடாது. அமைச்சகத்துக்குத் தெரியவே கூடாது. இந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அதற்குப் பிறகு யாரும் மேசைக்கு வர மாட்டார்கள்.

இனித் தேடல். அதன் வரிசைதான் இந்தத் தொழிலின் உயிர் என்று நினைக்கிறேன். பொதுவாக நாமெல்லாம் இணையத்தில் தேடி, செய்தித்தாளில் வந்ததைப் பார்த்து, பிறகு வேண்டுமானால் அரசு ஆவணத்துக்குப் போவோம். சட்டமன்ற நூலகர் தலைகீழாகப் போகிறார். அவை தன்னிடம் இதுவரை என்ன பேசியிருக்கிறது என்பதில் தொடங்குகிறார்.

முதலில் பழைய கேள்வி பதில்கள். பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்விகள் வருகின்றன. அண்மைக் காலத்தவை இணையத்தில் தேடக் கிடைக்கும், பழையவை அச்சிட்ட விவாதத் தொகுதிகளிலும் அவற்றின் வருடிய படங்களிலும் இருக்கும். தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தத் திட்டம் எப்போதும் ஒரே பெயரில் இருந்ததில்லை. 1985இல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 1999-2000 முதல் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம், 2010-11இல் அதன் திருத்திய வடிவம், இடையில் வானிலை அடிப்படையிலான இன்னொன்று, 2016 காரீப் பருவத்திலிருந்து பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம். இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடுபவருக்கு 2016க்கு முந்தைய முப்பது வருடம் கண்ணில் படாது. பெயர்கள் மாறினாலும் பொருள் ஒன்று என்று சொல்லும் சுட்டிகளை யாரோ ஒரு நூலகர் அப்போதே உட்கார்ந்து போட்டிருப்பார். நல்ல சுட்டியின் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

இந்தப் பதில்களைப் படிக்கும்போது நூலகர் ஒரு குறிப்பிட்ட தொடரைத் தேடுவார்: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும். அமைச்சர் அப்படிச் சொன்ன உடனே அது அரசின் உறுதிமொழியாகிவிடுகிறது. அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அந்தக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இரண்டு வருடத்துக்கு முந்தைய கேள்வி ஒன்றுக்கு இந்தத் தொடர் பதிலாகத் தரப்பட்டிருந்தால், அந்தத் தகவல் பிறகு வைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வைக்கப்படவில்லை என்றால் புதிய உறுப்பினரின் கையில் ஒரு நல்ல பிடி கிடைத்துவிட்டது.

இரண்டாவது, குழு அறிக்கைகள். துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். வேளாண் நிலைக்குழு 2021 ஆகஸ்டில் இந்தக் காப்பீட்டுத் திட்டத்தை மதிப்பிட்டு ஓர் அறிக்கை தந்தது. கட்சி வேறுபாடு பாராமல் உறுப்பினர்கள் உட்கார்ந்து, அதிகாரிகளை வரவழைத்துக் கேட்டு எழுதியது. எனவே அவையில் மேற்கோள் காட்ட இதைவிட வலுவான ஆவணம் கிடையாது. அறிக்கை மட்டும் போதாது. அதற்கு அரசு தந்த பதிலைத் தொகுக்கும் நடவடிக்கை அறிக்கையையும் சேர்த்து எடுக்க வேண்டும். எந்தப் பரிந்துரையை ஏற்றார்கள், எதற்குக் குழு திருப்தி அடையவில்லை என்பது அதில்தான் இருக்கும். பலர் முதல் அறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அமைச்சர், அதற்கு நாங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டோமே என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

மூன்றாவது, தணிக்கை. 2017ஆம் ஆண்டின் 7ஆம் எண் அறிக்கையில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், முந்தைய காப்பீட்டுத் திட்டங்களை ஆராய்ந்திருக்கிறார். காப்பீடு செய்த விவசாயிகளின் விவரப் பதிவை மத்திய அரசும் பராமரிக்கவில்லை, மாநில அரசுகளும் பராமரிக்கவில்லை என்பது அதில் சுட்டப்பட்ட குறைகளில் ஒன்று. மாநிலங்கள் தம் பங்கு மானியத்தைத் தாமதமாகத் தருவதும் அதில் வருகிறது.

நான்காவதாகத்தான் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும் அரசிதழ் அறிவிப்புகளும். இங்கே நூலகர் எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. 2020 காரீப் முதல், கடன் வாங்கிய விவசாயிகளுக்கும் இது கட்டாயமில்லை. அந்தந்தப் பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கிடைத்த சராசரி மகசூல் வரையறுத்த மகசூலுக்குக் குறைவாக இருந்தால் இழப்பீடு. பரிசோதனையை நடத்துவது மாநில அரசின் ஊழியர்கள். 2018இல் திருத்திய நெறிகளில் இன்னொரு விதி சேர்ந்தது: குறித்த காலத்துக்குள் இழப்பீடு தராத காப்பீட்டு நிறுவனம் விவசாயிக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும்.

இந்த இடத்தில் தேடலின் முகம் மாறுகிறது. உதவியாளர் கேட்டது, காப்பீடு பற்றி எல்லாம். மனு கொடுத்தவர்கள் கேட்டது, பணம் ஏன் வரவில்லை. முதலாவது கேள்வியே இல்லை. இரண்டாவதை அப்படியே கேட்டால் அமைச்சர் பரிசோதனைத் தரவு மாநிலத்திலிருந்து வர வேண்டும், மாநிலப் பங்கு வர வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். மத்திய அரசின் பொறுப்பு எது, மாநிலத்தின் பொறுப்பு எது என்று நூலகர் பிரித்துக் காட்டிய பிறகு, நடுவில் ஒரு கேள்வி தெளிவாகத் தெரிகிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் கெடு தாண்டிய இழப்பீடுகள் எத்தனை? அவற்றுக்கு 12 சதவீத வட்டி எந்தெந்த நிறுவனத்திடமிருந்து எவ்வளவு வசூலிக்கப்பட்டது? அதில் விவசாயிகளின் கணக்கில் உண்மையில் வரவு வைக்கப்பட்டது எவ்வளவு? மாவட்ட வாரியாக? இதற்கான பதில் எந்தப் பொது ஆவணத்திலும் இல்லை என்று தேடிய பிறகு உறுதியாகிவிட்டால், 41ஆம் விதி இதைத் தடுக்க முடியாது.

கேள்வியை நூலகர் எழுதித் தருவதில்லை. அது உறுப்பினரின் வேலை, அரசியல் வேலை. நூலகர் வைத்துக் கொடுக்கும் தாள்களின் வரிசையில் கேள்வி தானே கண்ணில் படும்படி இருக்கும். நல்ல குறிப்புதவிக்கும் வெறும் நகல் எடுத்துத் தருவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஐந்தாவதாக நூல்களும் ஆய்விதழ்களும் செய்தித்தாள் நறுக்குகளும். நறுக்குகளைப் பொருள் வாரியாக வெட்டி ஒட்டி வைக்கும் வழக்கம் இந்த நூலகத்தில் நெடுங்காலமாக உண்டு. கணினி வந்த பிறகு அதன் வடிவம்தான் மாறியிருக்கிறது. மாவட்டப் பதிப்புச் செய்திகள் இணையத்தில் சில வருடங்களில் காணாமல் போய்விடும். நறுக்கு இருந்தால் இருக்கும். ஆழமாகப் போகும் நூலகர் 1920க்கும் போகலாம். மைசூர் சமஸ்தானத்தில் ஜே.எஸ். சக்கரவர்த்தி என்பவர் மழையளவை வைத்து விவசாயிகளுக்கு இழப்பீடு தரும் ஒரு காப்பீட்டுத் திட்டத்தை அந்த வருடமே புத்தகமாக வெளியிட்டார். பயிர் அறுவடைப் பரிசோதனையின் தாமதத்தைப் பற்றிப் பேச எழும் உறுப்பினருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? மாற்று வழியைப் பற்றி இந்தியாவிலேயே நூறு வருடத்துக்கு முன் யோசித்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லலாம்.

அடுத்தது சரிபார்ப்பு. அலுப்பூட்டும் வேலை, இதில்தான் நூலகத்தின் பெயர் இருக்கிறது. ஒரு தாளில் நிதியாண்டுக் கணக்கு இருக்கும், இன்னொன்றில் பயிர்ப் பருவக் கணக்கு இருக்கும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய்யான ஏற்ற இறக்கம் தெரியும். லட்சமும் கோடியும் மில்லியனும் கலந்து கிடக்கும். ஒதுக்கிய தொகையைச் செலவழித்த தொகை என்று செய்தித்தாள் எழுதியிருக்கும். விண்ணப்பங்களின் எண்ணிக்கையை விவசாயிகளின் எண்ணிக்கையாகக் காட்டுவது இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை அடிக்கடி நடக்கும். ஒரே விவசாயி இரண்டு பயிருக்கு, இரண்டு சர்வே எண்ணுக்கு விண்ணப்பித்திருப்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று இருக்க வேண்டும். அவையில் தவறான எண்ணைச் சொன்ன உறுப்பினர் அதன் பிறகு சரியானதைச் சொன்னாலும் எடுபடாது.

சரிபார்ப்போடு சேர்ந்தது நடுநிலை. திட்டம் தோற்றது என்று ஆய்வாளர்கள் எழுதியதை வைத்தால், அது பலன் தந்தது என்று எழுதியவர்களையும் வைக்க வேண்டும். எது சரி என்று நூலகர் சொல்லக் கூடாது. நாடாளுமன்ற நூலகம் தரும் குறிப்புகளில் ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும்: இவை உறுப்பினரின் சொந்தப் பயன்பாட்டுக்கு, வெளியிட அல்ல, தகவலின் மூலமாக இந்தச் சேவையை மேற்கோள் காட்டக் கூடாது என்ற பொருளில். முதல் பார்வைக்கு இது தயக்கமாகத் தோன்றலாம். உறுப்பினர் அவையில் எழுந்து நூலகம் சொன்னது என்று சொல்ல முடியாது, தணிக்கை அறிக்கை சொன்னது, நிலைக்குழு சொன்னது என்றுதான் சொல்ல முடியும். மூலத்தை நேரே காட்ட வைக்கும் ஏற்பாடு அது, அந்த அளவில் எனக்கு அது பிடித்திருக்கிறது. வெளியிடக் கூடாது என்ற பகுதிதான் உறுத்துகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு வடிவம். உறுப்பினர் இந்தக் கட்டைக் காரிலோ ரயிலிலோ விமானத்திலோ படிப்பார், இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் படிப்பார். மேலே ஒரே பக்கம்: பிரச்சினை என்ன, விதி என்ன, இதுவரை அவை பேசியது என்ன, விடுபட்டது என்ன. அதற்குக் கீழே சில பக்கங்களில் விளக்கம். கடைசியில் மூலங்களின் நகல், தேவையான வரிகளுக்கு அடையாளமிட்டு. அறுபது பக்கத்தைக் கையில் திணிப்பது சேவை ஆகாது.

குலுக்கலில் பெயர் வந்து, கேள்வி நட்சத்திரக் குறியோடு பட்டியலில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு அப்படி இருபது கேள்விகள்தான், எழுத்து மூலப் பதிலுக்கு 230. காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள கேள்வி நேரத்தில் அந்த இருபதில் சில மட்டுமே வாய்மொழியாகப் பேசப்படும். அமைச்சர் பதிலைத் தாக்கல் செய்த பிறகு உறுப்பினர் துணைக் கேள்விகள் கேட்கலாம். உண்மையான சோதனை இங்கே. அமைச்சரின் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று யூகித்து, அதற்கேற்ற தாள்களை முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். வட்டி வசூலான தொகை சிறியது என்று பதில் வந்தால் அடுத்து நிலைக்குழுவின் பரிந்துரை. தகவல் மாநிலங்களிடம் இருக்கிறது என்று வந்தால் அடுத்து தணிக்கையாளர் குறித்த விவரப் பதிவுக் குறை. நூலகத்தின் உழைப்பு ஒரு நிமிடத்துக்குள் எழும்பிப் போய்விடும், யார் பெயரும் சொல்லப்படாது.

மசோதாக்களுக்கும் ஏறக்குறைய இதே பாதைதான், சுமை மட்டும் அதிகம். திருத்தப்படும் மூலச் சட்டத்தையும் புதிய வாசகத்தையும் பிரிவு பிரிவாகப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். சட்ட ஆணையம் சொன்னது, நீதிமன்றங்கள் சொன்னது, மற்ற மாநிலங்களில் இருப்பது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். 2009 முதல் 2014 வரை இருந்த 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டதாகவும், 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதமாகக் குறைந்ததாகவும் பிஆர்எஸ் சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 2021 நவம்பர் 29 அன்று வேளாண் சட்டங்களை விலக்கிக்கொள்ளும் மசோதா ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமின்றி நிறைவேறியது. அந்தச் சட்டங்களை விரும்பியவர்களும் எதிர்த்தவர்களும் அன்று பேசியிருக்க வேண்டும். காலையில் வந்து மாலைக்குள் முடியும் மசோதாவுக்கு எந்த நூலகமும் குறிப்புத் தயாரிக்க முடியாது. ஒரு சட்டமன்ற நூலகம் நன்றாக வேலை செய்வது அதன் புத்தகங்களாலும் ஊழியர்களாலும் மட்டும் ஆவதல்ல. அவை தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் நேரத்தாலும்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது? அரசிடம் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் இருக்கிறார்கள், புள்ளிவிவரத் துறைகள் இருக்கின்றன. அந்த அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர், கேள்விக்கான தகவலுக்கும் அதே அரசின் தயவை எதிர்பார்த்தால் கேள்வி பிறக்கும்போதே தளர்ந்துவிடும். அவைக்குச் சொந்தமான, அவைத்தலைவரின் கீழ் இயங்கும் நூலகம் அந்தச் சார்பை உடைக்கிறது. அமெரிக்கா 1914லேயே காங்கிரஸ் நூலகத்துக்குள் சட்டமியற்றுவோருக்கான குறிப்புதவிப் பிரிவைத் தொடங்கி, 1970இல் அதை ஆய்வுச் சேவையாக விரிவாக்கியது. பல பத்தாண்டுகளாக உறுப்பினர்களுக்கு மட்டும் தரப்பட்ட அதன் அறிக்கைகள் 2018 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. பிரிட்டன் மக்களவை நூலகத்தின் விளக்கக் குறிப்புகளையும் யாரும் படிக்கலாம். தனிப்பட்ட உறுப்பினர் கேட்டதை ரகசியமாக வைப்பது சரி. பொதுப் பொருள் பற்றி மக்கள் பணத்தில் தயாரான குறிப்பு, மனு கொடுத்த விவசாயியின் கைக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் கைக்குப் போக வேண்டுமானால் அது தமிழிலும் இருக்க வேண்டும். அவையில் தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் பேசுவதற்கான ஆயத்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஊரில் தமிழ் மனுவை வாங்கி, டெல்லியில் ஆங்கிலக் குறிப்பைப் படித்து, அவையில் தமிழில் பேசும் உறுப்பினர் இரண்டு முறை மொழி கடக்கிறார். சென்னையில் உள்ள மாநிலச் சட்டமன்ற நூலகம் இந்த இடத்தில் பெரிய துணையாக முடியும். பயிர்க் காப்பீட்டில் மாநிலப் பங்கு எப்போது விடுவிக்கப்பட்டது, எந்த வட்டாரத்தில் பரிசோதனை எந்தத் தேதியில் நடந்தது என்ற தகவல்கள் டெல்லியில் கிடைக்காது. அவை கோட்டையில்தான் இருக்கின்றன, தமிழ் அரசாணைகளிலும் மானியக் கோரிக்கைக் கொள்கை விளக்கக் குறிப்புகளிலும். இரண்டு நூலகங்களுக்கும் இடையே ஒழுங்கான தாள் போக்குவரத்து இருந்தால், மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று கைகாட்டும் இடம் குறையும்.

பாதுகாப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கைகள் 1978இல் வந்தன. பிறகு அவை கிடைப்பதே அரிதாகிவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. செழியன் தன்னிடமிருந்த பிரதியை வைத்து 2010இல் அவற்றை மறுபதிப்பாக வெளியிட்டார். நாடாளுமன்றத்தில் பழைய ஆவணங்களை அவர் அளவுக்குப் படித்துப் பேசியவர்கள் சிலரே. ஒரு நாட்டின் ஆவணம் தனி மனிதரின் அலமாரியை நம்பியிருக்கும் நிலை இனி வரக் கூடாது என்றால், அவையில் வைக்கப்படும் ஒவ்வொரு தாளையும் வாங்கிச் சேர்த்து, சுட்டியிட்டு, இரண்டு வடிவில் காக்கும் பொறுப்பு நூலகத்துடையது.

நம் கேள்விக்கு வருவோம். அமைச்சரின் பதில் அவைக் குறிப்பில் ஏறியதும், நூலகத்தில் அதற்குச் சுட்டி போடப்படும்: பயிர்க் காப்பீடு, இழப்பீட்டுத் தாமதம், தண்ட வட்டி, மாவட்டங்களின் பெயர்கள். பதிலில் ஏதாவது பின்னர் வைக்கப்படும் என்று இருந்தால் மூன்று மாதக் கணக்கு தொடங்கிவிடும். உறுப்பினரின் உதவியாளர் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வென்று வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. பதவியேற்ற வாரத்திலேயே அந்த மேசைக்குப் போய், தொகுதியின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் இடம்பெற்ற பழைய கேள்வி பதில்கள் அனைத்தையும், நிறைவேறாமல் கிடக்கும் உறுதிமொழிகளோடு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தொகுத்துத் தரச் சில நாட்கள் ஆகும். முதல் கூட்டத்தொடருக்குள் படித்துவிடலாம்.